கொம்பையா கட்டிய பாத்தி

மலையடிவாரத்தில், ஊரைவிட்டுத் தள்ளி ஒரு மடம். ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு கிணறு, அவ்வளவுதான். அங்கே இருந்தவளைச் சாமியம்மா என்பார்கள். நாற்பதைத் தொடாத வயது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்று பெயர் வாங்கியவள். அப்படியும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நேரான பதில்களை வீட்டிலேயே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்.

கொம்பையா வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. கொத்தனார். சாமியம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவன். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தே கேட்டான்.

“நாலு வயசுப் பிள்ளை, சாமி. ஒரே காய்ச்சல்ல ஆண்டவன் தூக்கிட்டுப் போயிட்டான். என்னைய மட்டும் எதுக்கு விட்டு வச்சிருக்கான்?”

சாமியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“பிள்ளை பேரு என்ன?”

“உலகு. உலகம்மாள்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

“மடத்துல காய்கறியே இல்ல அண்ணாச்சி. கொல்லையில ஒரு பாத்தி கட்டித் தாங்க.”

வேறு மடமாக இருந்தால் முற்பிறவி, வினைப்பயன் என்று ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்து வந்தவனிடம் கத்தரிக்காய் கேட்கிறாளே, இவளெல்லாம் என்ன சாமி என்று கொம்பையா நினைத்தான். ஆனால் போக்கிடம் வேண்டுமே. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

கடப்பாரை ஒரு சாண்கூட இறங்கவில்லை. கீழே முழுக்கப் பாறை.

“தோண்ட முடியாது சாமி.”

“அப்ப மேல கட்டுங்க. சுத்திக் கல்லு வச்சு, மண்ணைக் கொண்டாந்து உள்ள நிரப்புங்க. வேர் விட இடம் இருந்தாப் போதும்.”

ஓடைப் பக்கம் போய்க் கல் பொறுக்கி வந்தான். அடியில் சருகும் தேங்காய் மட்டையும் போட்டான். அதன்மேல் மக்கிய எரு, அதற்கும் மேலே குளத்து வண்டல். நூல் பிடிக்கவில்லை, கோல் வைத்து அளக்கவுமில்லை. கண்ணாலேயே மட்டம் பார்த்துவிடுவான் என்று ஊரில் அவனுக்குப் பெயர். வேலை நடக்கும்வரை அவனுக்கு எந்த நினைப்பும் வரவில்லை. அதற்காகவே சாப்பிடக்கூட உட்காராமல் கட்டினான்.

முடித்துவிட்டுக் கூப்பிட்டான். சாமியம்மா சுற்றிவந்து பார்த்தாள்.

“சின்னதா இருக்கே அண்ணாச்சி.”

“ரெண்டு பேருக்கு இது காணாதா?”

“வாரவங்களுக்கும் சோறு போடணுமே. பெருசாக் கட்டுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பிரித்தான். மறுபடி கட்டினான். பெரிதாகத்தான் கட்டுகிறோம் என்று சத்தியமாக நம்பினான். கட்டி முடித்தபோது உயரம்தான் ஒரு கல் கூடியிருந்தது. நீளமும் அகலமும் அப்படியேதான் இருந்தன.

இந்தத் தடவை சாமியம்மா அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாத்தியின்மேல் அவன் பரப்பியிருந்த கருவேல முள்ளைப் பார்த்தாள்.

“முள்ளு எதுக்கு? இங்க ஆடு கிடையாதே.”

“நாய் வரும்.”

“நாய் கத்தரிக்காய் திங்குமா?”

கொம்பையா கை கழுவப் போனான்.

விதை கொடுத்தாள். வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை என்று தனித்தனியாகத் துணியில் முடிந்து கொடுத்தாள். அவன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். மண் இன்னும் ஆறவில்லை என்றான். அமாவாசை கழியட்டும் என்றான். விதை பழசாக இருக்கும்போலத் தெரிகிறது என்றும் சொல்லிப் பார்த்தான். சாக்குச் சொல்வதில் கொத்தனார்களை யாரும் ஜெயிக்க முடியாது. வீடு கட்டினவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினான். அதுவும் உச்சி வெயிலில். கிணற்றில் இறைத்து, குடத்தைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து, சுற்றியிருந்த கற்களின்மேல் ஊற்றுவான். கல் நனைந்து கறுக்கும்வரை நின்று பார்ப்பான். பிறகுதான் நிழலுக்கு வருவான்.

ஒரு மத்தியானம் சாமியம்மா வெயிலில் வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“விதை போடாத பாத்திக்கு எதுக்குத் தண்ணி?”

“கல்லு சுடுது சாமி.”

அவள் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், சுட்டது. நிமிராமலே கேட்டாள்.

“தலைமாடு எந்தப் பக்கம்?”

“தெக்க.”

வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவனுக்குக் காதில் விழுந்தது.

குடம் சாய்ந்தபடியே இருந்தது. தண்ணீர் அவன் காலில் கொட்டியது. அவன் பாத்தியைப் பார்த்தான். அந்த நீளம் அவனுக்குத் தெரியும். இரண்டு கைகளிலும் ஏந்திப் போன நீளம். இதுபோன்ற கற்களை இதே கைகள் ஏற்கெனவே ஒருமுறை வைத்திருக்கின்றன. இதே முள்ளை வெட்டி இதேபோல் பரப்பியிருக்கின்றன. இரண்டு தடவை கட்டியும் இந்தக் கைகளுக்கு வேறு எதையும் கட்டத் தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்தான். பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு ஆம்பிளை என்று அடக்கி வைத்த அழுகையெல்லாம் இப்போது வந்தது. பார்க்கச் சகிக்காத அழுகை. சாமியம்மா தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழுகை அடங்கியதும் அவனாகவே சொன்னான்.

“மூணாம் நாளு குழிமேல பால் ஊத்தி, நவதானியம் தூவணும். நான் போகலை. விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்.”

“ஏன்?”

“கோமு. எம் பொஞ்சாதி. அவ அழவே இல்ல சாமி. ஒரு சொட்டு இல்ல. அதுக்கு மொத நாள் மத்தியானம் எங்கிட்ட வந்து கேட்டா. சுத்திக் கல்லு வச்சிட்டு வந்திருக்கீகளே, வெயில்ல கல்லு சுடுமே, பிள்ளை தாங்குமான்னு கேட்டா.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நான் என்னத்தச் சொல்ல? அந்த மூஞ்சியை மறுபடி பாக்க எனக்குத் தெம்பு இல்ல. ஓடி வந்துட்டேன்.”

“அப்ப பால் ஊத்தினது யாரு?”

“தெரியாது. எங்கள்ல பொம்பளையாளு இடுகாட்டுக்குப் போகக் கூடாது.”

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“வேற யாரும் இல்ல. நாங்க மூணு பேருதான்.”

சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டது தெரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டான். சாமியம்மா திருத்தவில்லை.

வெயில் அப்படியே நின்றது. நனைந்த கல் அதற்குள் காய்ந்துவிட்டது.

“இடிச்சிரவா சாமி?”

“வேண்டாம்.”

அவள் எழுந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் போட்டாள். கையில் குத்தியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தாள். அவன் முன்னால் கையை நீட்டினாள். அவன் இடுப்பிலிருந்து துணிமுடிச்சுகளை எடுத்துக் கொடுத்தான். கீரை விதை இருந்த முடிச்சை அவிழ்த்து, மணலோடு கலந்து, பாத்தி முழுக்கத் தூவினாள். தெற்குப் பக்கமும் தூவினாள். உள்ளங்கையால் மண்ணை மெல்ல ஒதுக்கி மூடினாள்.

கொம்பையா பார்த்துக்கொண்டிருந்தான்.

“முளைக்குமா?”

“தெரியாது அண்ணாச்சி.”

அவனுக்குக் கோபம் வந்தது. வந்த நாளிலிருந்து உள்ளே கிடந்த கோபம்.

“தெரியாதாம்! இங்க வந்து உங்க கால்ல விழுந்து ஒண்ணு கேட்டேன். என்னைய எதுக்கு விட்டு வச்சிருக்கான்னு கேட்டேன். இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை பதில் சொன்னீங்களா? பதில் இல்லாம ஒரு மனுசன் எப்படிக் கிடப்பான், சொல்லுங்க!”

சாமியம்மா கீழே கிடந்த குடத்தை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இந்தக் கல்லுக்குத் தண்ணி நான் ஊத்திக்கிடுதேன் அண்ணாச்சி. கோமு கேட்டதுக்கு யாரு பதில் சொல்லுவா?”