நெட்டிலிங்கம் குனிந்த கதை

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் உண்டு, மண்புழுவுக்கும் வாய் உண்டு. நெட்டிலிங்க மரத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அப்போது அதன் கிளைகளெல்லாம் வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும்.

பூங்காவனத்துக்குக் கைராசி இல்லை என்று ஊரே சொல்லிவந்தது. அவள் வைத்த முருங்கை பட்டுப்போனது, எலுமிச்சை கருகிப்போனது. பக்கத்து வீட்டு அஞ்சலை, "அம்மா தாயே, எங்க வீட்டு நாத்தை மட்டும் தொட்டுடாதே" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். பூங்காவனத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு நெட்டிலிங்கக் கன்றை வாசலில் நட்டாள். இதுவும் போனால் இனி எந்தச் செடியும் வைப்பதில்லை என்று முடிவுகட்டியிருந்தாள்.

தினமும் தூரத்துக் குளத்திலிருந்து ஒரு குடம் சுமந்து வந்து ஊற்றினாள். மரம் கூரையைத் தாண்டி வளர்ந்தது. "அடுத்து மேகம்தான்" என்று பீற்றிக்கொண்டது.

சித்திரை வெயிலில் ஒருநாள் குளத்துப் பாதையில் முள் ஏறி, அவள் கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. மரத்தின் இலைகள் சுருண்டன. நாலாம் நாள் நொண்டிக்கொண்டே போய் அரைக் குடம் கொண்டுவந்து ஊற்றினாள். அந்த ஈரத்தையும் வெயில் அவள் கண்ணெதிரே குடித்துவிட்டது.

"என் ராசிதான் உன்னைக் கொல்லுது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேரடியிலிருந்து மண்புழு தலையை நீட்டியது. "உன் ராசிக்கு என்ன குறைச்சல்? இவன் கிளையெல்லாம் மேலே தூக்கிக்கிட்டு நின்னா, வேருக்கு நிழல் எங்கே? அடிமண்ணு அடுப்பாட்டம் கொதிக்குது."

"குனிஞ்சா மறுபடி நிமிர முடியாதே" என்றது மரம்.

"அப்ப நிமிர்ந்தே செத்துப்போ."

மரம் அவளுடைய வீங்கிய காலைப் பார்த்தது. கிளைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கத் தொடங்கியது.

"உச்சியை மட்டும் இறக்காதே. குளத்துல நின்னு பாத்தா நம்ம வீடு எனக்குத் தெரியணும்" என்றாள் பூங்காவனம்.

அடிமண்ணில் நிழல் விழுந்தது. அவள் சருகைக் கூட்டி அள்ளி வேரை மூடி, இன்னொரு அரைக் குடம் கொண்டுவந்து ஊற்றினாள். மறுநாள் வரை ஈரம் அங்கேயே கிடந்தது. பத்தே நாளில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டது.

அஞ்சலை வந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, உன் மரம் அழுதுக்கிட்டு நிக்குது?"

"அழல அக்கா. தன் காலுக்குத் தானே குடை பிடிக்குது."

அஞ்சலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த ஒரு எலுமிச்சைக் கன்றை எடுத்து நீட்டினாள். "இதை உன் கையால நட்டுக் குடு."

அன்று முதல்தான் நெட்டிலிங்கம் கிளைகளைத் தொங்கவிட்டு, உச்சியை மட்டும் வானத்துக்குக் காட்டி நிற்கிறது. அதன் காலடியில் சருகு அள்ளிப் போடுகிறவளை ராசியில்லாதவள் என்று அந்த ஊரில் அதற்கப்புறம் ஒருவரும் சொன்னதில்லை.