சார்ஜ் திருடன்

அம்மன் கோயில் குத்துவிளக்கு காணாமல் போன நாளிலிருந்து தர்மகர்த்தா வீரபாகுவின் கார் பேட்டரியும் தினம் காலையில் செத்துக் கிடந்தது. சாயங்காலம் ஊரைக் கூட்டி, டிரைவர் இசக்கிமுத்துவைக் காரோடு நிறுத்தினார்.

"விளக்கைத் திருடினவன்தான் சார்ஜையும் திருடுறான். அவன் யாருன்னு காட்டு, இல்லேன்னா போலீஸ்!"

இசக்கிமுத்து காரைச் சுற்றி வந்தான். "டிக்கி இடுக்குல வெளிச்சம் தெரியுது பாருங்கய்யா. மூடி சரியா மூடலேன்னா உள்ள பல்பு விடிய விடிய எரியும். பேட்டரி எப்படித் தாங்கும்?"

"அப்ப அழுத்தி மூடுலே!"

"உள்ள என்னமோ இடிக்குதுய்யா. டிக்கி சாவியத்தான் நீங்க யாருக்கும் தர்றதில்லையே!"

வீரபாகுவின் கை மடியைப் பொத்தியது. பூசாரி விடாமல் சாவியைப் பிடுங்கித் திறந்தார். பல்பு வெளிச்சத்தில் குத்துவிளக்கு பளபளத்தது.

இசக்கிமுத்து கைகட்டி நின்றான். "ஐயா சொன்னது சரிதான். விளக்கைத் திருடினவன்தான் சார்ஜையும் திருடியிருக்கான்."