கருவூலத்துக்குப் போன ஆடுகள்

முன்னொரு காலத்தில், பெருநோய் ஒன்று நாட்டை இரண்டு வருஷம் ஆட்டிப் படைத்துவிட்டுப் போன கையோடு, ஒரு ராஜாவுக்குத் தன் புகழைக் காது குளிரக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. நோய் நீங்கிய விழாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வாழ்த்துப்பா வாசிக்க வேண்டும் என்றார். ஆட்டுக்காரி வெள்ளையம்மாவின் மகள் சிலம்பாயியை மேடையில் ஏற்றினார்கள். ஒன்பது வயது. அவள் ஓலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். அப்புறம் ஓவென்று அழுதாள்.

"ஏன் அழுகிறது இந்தக் குழந்தை?" என்று கேட்டார் ராஜா.

வாத்தியார் ஆவுடையப்பர் முன்னே வந்து கைகூப்பினார். "மன்னா, இரண்டு வருஷம் பள்ளி மூடிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு எழுத்தெல்லாம் மறந்துபோயிற்று. நாலு பேர் கற்பித்த இடத்தில் நோய்க்குத் தப்பியவன் நான் ஒருவன்தான். நூற்றைம்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாக எப்படிக் கரையேற்றுவேன்?"

ராஜாவுக்கு மனசு கரைந்தது. "இந்தா, பள்ளிக்கு ஒரு குடம் பொன்! ஆனால் கொடுப்பது ஒரே ஒரு தடவைதான். மறுபடி யாரும் அரண்மனை வாசலில் வந்து நிற்கக் கூடாது. பள்ளி மட்டும் எனக்குப் பிறகும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்!"

ராஜாக்கள் இப்படித்தான். ஒரு வேளைச் சோறு போட்டுவிட்டு, ஆயுசுக்கும் பசிக்கக் கூடாது என்பார்கள்.

ஒரு குடம் பொன் வெளியே போகிறது என்றதும் கருவூலத் தலைவர் பல்லவரையருக்கு வயிறு எரிந்தது. அவருக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. அது அரண்மனை விகடகவி பூவராகன். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார், இவர் திறந்தால் கொட்டாவி விடுவார். ஆகவே ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தார்.

"மன்னா, இந்தப் பொறுப்பைப் பூவராகனிடமே ஒப்படைத்து ஆணை எழுதுவோம். ஓராண்டு முடியும் நாளில் தங்கள் கொடையில் மிச்சமிருப்பது எதுவானாலும் அது கருவூலத்துக்குள் வந்து சேர வேண்டும். அதன் பிறகு பள்ளி நின்றுபோனால் பூவராகன் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவருக்குப் பசி வந்துவிட்டது.

பூவராகனும் வாத்தியாரும் குடத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இந்தப் பொன்னில் மூன்று வாத்தியார்களை ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றார் ஆவுடையப்பர். "பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் பொன் தீர்ந்துபோகும். வாத்தியார்கள் மூட்டையைக் கட்டுவார்கள். பிள்ளைகள் மறுபடியும் ஓலையைத் தலைகீழாகப் பிடிக்கும்."

யோசித்து யோசித்துத் தலை வலித்ததும் பூவராகன் கோயிலில் போய் உட்கார்ந்தான். வெள்ளையம்மா சன்னதி விளக்குக்கு நெய் கொண்டுவந்தாள்.

"ஏம்மா, நோய்க் காலத்துல தேர் இழுக்கக்கூட ஆள் இல்ல. இந்த விளக்கு மட்டும் அணையலையே, எப்படி?" என்று கேட்டான் பூவராகன்.

"எங்க ஆடுங்கதான் சாமி காரணம். எந்தக் காலத்து ராணியோ, எங்க பாட்டனுக்குப் பாட்டன் கையில நூறு ஆடு புடிச்சுக் குடுத்தாங்களாம். ஒரே ஒரு தடவைதான். அதுக்கு ஈடா, அவரு வாரிசுங்க நாங்க தெனமும் நெய் ஊத்தறோம். ஒரு ஆடு செத்தா அதும் எடத்துல ஒரு குட்டிய விட்டு எண்ணிக்கைய சரி பண்ணிடுவோம். சாவா மூவாப் பேராடுன்னு சொல்லுவாங்க. அந்த மந்தைக்குச் சாவும் கிடையாது, கிழடும் கிடையாது."

பூவராகன் துள்ளிக் குதித்தான். குதித்த வேகத்தில் தலைப்பாகை விளக்கில் பட்டுக் கருகிப்போனது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

மறுநாளே பொன்னில் கொஞ்சத்தை எடுத்துப் பள்ளிக் கூரையை மாற்றி, மூன்று புது வாத்தியார்களை அமர்த்தி, அறுவடை வரை அவர்கள் சாப்பாட்டுக்கு நெல் வாங்கிப் போட்டான். மீதி அத்தனைக்கும் ஆடு வாங்கினான். வெள்ளையம்மா ஒவ்வோர் ஆட்டின் காதிலும் அடையாளமாகச் சின்ன வெட்டுப் போட்டாள். அறுவடை முடிந்த வயலில் மந்தையை அடைத்துக் கிடை போட்டால் நிலத்துக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. கிடைக்குக் கூலியாக வயல்காரர்கள் நெல் அளந்தார்கள். அந்த நெல்லில் வாத்தியார்கள் சாப்பிட்டார்கள். நெய் விற்ற காசில் பிள்ளைகளுக்கு ஓலையும் எழுத்தாணியும் வந்தன.

பல்லவரையர் சும்மா இருப்பாரா? "மன்னா! பள்ளிக்கூடத்துப் பொன்னை ஆட்டுப் புழுக்கையாக்கிவிட்டான்!" என்று கோள் சொன்னார். ராஜா சிரித்துவிட்டு, "வருஷம் முடியட்டும், பார்ப்போம்" என்றார்.

வருஷம் முடிந்தது. ஆவுடையப்பர் பயந்தபடி எதுவும் நின்றுபோகவில்லை. நாலு வாத்தியார்களும் தொண்டை கிழியக் கற்பித்தார்கள். பல்லவரையர் சபையில் எழுந்து நின்றார்.

"மன்னா, தங்கள் கொடையில் மிச்சம் இருக்கிறது. அந்த ஆடுகள்தான் மிச்சம். ஆணைப்படி அவை கருவூலத்துக்குள் வர வேண்டும்."

"ஆணை எழுதியபடியே நடக்கும், ஐயா. நாளைக் காலை உள்ளே சேர்த்துவிடுகிறேன்" என்று பூவராகன் குனிந்து வணங்கினான்.

செய்தி கேட்டு வெள்ளையம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆடு போனா வாத்தியாருங்க போயிடுவாங்களே சாமி! எம் புள்ள இப்பத்தான் ஒண்ணொண்ணா எழுத்துக் கூட்டுது. பாதியில விட்டுட்டா அவ பொழப்பும் என்னைய மாதிரி ஆயிடுமே!"

"அழாதம்மா. காதுல வெட்டு இருக்கற ஆட்ட மட்டும் உள்ள ஓட்டிட்டு வா. இங்க பொறந்த குட்டிங்கள அரண்மனை வாசல்ல நிறுத்து. மத்தத ஆடுங்க பாத்துக்கும்."

மறுநாள் காலை கருவூலக் கதவு திறந்ததுதான் தாமதம், இருநூற்றுச் சொச்சம் ஆடுகள் திமுதிமுவென்று உள்ளே புகுந்தன. பூவராகன் கதவைச் சாத்திச் சாவியைப் பல்லவரையர் கையிலேயே கொடுத்தான். வாசலில் குட்டிகள் தாயைத் தேடிக் கத்தின. உள்ளேயிருந்து தாய்கள் பதில் கத்தின. அரண்மனையில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆடுகளுக்குப் பசி வேறு. பொன்னையும் முத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு, இருபது வருஷத்துக் கணக்கோலைகளை மொறுமொறுவென்று மென்றன. தடுக்க உள்ளே நுழைந்த பல்லவரையரின் பட்டு அங்கவஸ்திரத்தைக் கிடா ஒன்று பாதிவரை விழுங்கிவிட்டு, மறுபாதிக்காக அவரையே இழுத்தது.

ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "என்ன அமர்க்களம் இது?"

"தங்கள் ஆணைதான், மன்னா" என்றான் பூவராகன். "மிச்சம் கருவூலத்துக்குள் வந்துவிட்டது. யார் மேய்ப்பது என்று ஆணையில் இல்லை. உள்ளே வந்த பொருளைக் காப்பது கருவூலத் தலைவரின் கடமை. ஒன்றுகூடக் குறையக் கூடாது."

"அப்படியானால் வெளியே கத்துகிறவை?"

"அவை குட்டிகள், மன்னா. தங்கள் பொன்னில் ஒரு குட்டிகூட வாங்கவில்லை. தானாகப் பிறந்தவை. அவற்றை வளர்த்துப் பள்ளியை எப்படியும் நடத்திக்கொள்வோம்."

"வேண்டாம் வேண்டாம்!" என்று அலறினார் பல்லவரையர். "எல்லாவற்றையும் பள்ளிக்கே ஓட்டிப் போகட்டும். இப்போதே எழுதித் தருகிறேன்!"

ஆடுகள் தின்னாமல் விட்ட ஒரே ஓர் ஓலையைத் தேடி எடுத்து விறுவிறுவென்று எழுதினார். எழுதும்போதே அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஓலையை வெள்ளையம்மாவிடம் நீட்டி, "பிடி. பத்திரமாக வைத்துக்கொள்" என்றார்.

எழுத்தறியாத வெள்ளையம்மா அதைக் குட்டிகளோடு நின்ற மகளிடம் கொடுத்தாள். சிலம்பாயி ஓலையை நேராகப் பிடித்தாள். விரலை எழுத்தின்மேல் வைத்து வாசித்தாள். "இந்த... மந்தை... அடுத்த... பௌர்ணமி... வரை... பள்ளிக்கு... உரியது."

நிமிர்ந்து பார்த்தாள். "பௌர்ணமி வரைக்குந்தானா? அதுக்கப்புறம் எங்க ஆடு எங்க போவும்?"

பல்லவரையர் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்திருந்த ஆவுடையப்பருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை படித்துவிட்டாளே என்ற சந்தோஷம் அவருக்கு. ராஜா ஒரு கணம் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கிரீடம் சரிந்து மூக்கில் வந்து நின்றது.

"பல்லவரையரே, அந்தப் பௌர்ணமியை உடனே அடியும்!"

"முழுக்க அடிக்க வேண்டாம், மன்னா" என்றான் பூவராகன். "நிலா இருந்துவிட்டுப் போகட்டும். 'சந்திரனும் சூரியனும் உள்ளவரை பள்ளிக்கு உரியது' என்று திருத்தினால் போதும்."

பல்லவரையர் திருத்தினார். சிலம்பாயி மறுபடி வாசித்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் ராஜா முத்திரை வைத்தார். கதவு திறந்ததும் தாய்கள் பாய்ந்து வந்தன. ஒவ்வொரு குட்டியும் தன் தாயைக் கண்டுபிடித்து மடியை முட்டியது. சத்தமும் அடங்கியது.

"பூவராகா, ஒரே தடவைதான் கொடுப்பேன் என்று நான் சொன்னேனே?"

"சொன்னீர்கள், மன்னா. எனக்குக் கேட்டது. ஆடுகளுக்குத்தான் கேட்கவில்லை."

ராஜா மறுபடி சிரித்தார். "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

"எனக்கும் ஒரே தடவை கொடுத்தால் போதும். ஒரு பெட்டை ஆடு கொடுங்கள்."

ராஜா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பெட்டை மட்டும் போதுமா? ஒரு கிடாவையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போ!" என்றார்.

அரண்மனைக் கிடா ஒன்றைப் பள்ளி மந்தையில் விட்டுவிட்டு, பல்லவரையரின் அங்கவஸ்திரத்தைத் தின்ற கிடாவையே பூவராகன் தேர்ந்தெடுத்தான். அதன் வாயில் பட்டு ஜரிகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.