கோமாளி மீனுக்கு மேலுக்குச் சரியில்லை

ஆண்டவன் ஊருக்கெல்லாம் மூளை பங்கு வைத்த அன்றைக்குத் தூத்துக்குடி முத்தொளி லாட்ஜ்காரர்கள் மூன்று பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்து கேட்டால் தீர்ந்துவிட்டது என்று பதில். பரவாயில்லை, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்கள்.

மூவரில் லிங்கதுரை மேனேஜர். சாவிக்கொத்து அவன் இடுப்பில் இருந்ததால் மேனேஜர். தவசிக்கனி சமையல். எசக்கியப்பன் வாட்ச்மேன், தூக்கம் கெட்டால் உடம்பு கெட்டுவிடும், அப்புறம் லாட்ஜை யார் காவல் காப்பது என்று ராத்திரி நன்றாகத் தூங்கிவிடுவான்.

முதலாளியம்மா ரத்தினபாய்க்கு உயிர் உடம்பில் இல்லை. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு கோமாளி மீன்களில் இருந்தது. ஆரஞ்சு உடம்பு, அதன்மேல் மூன்று வெள்ளைப் பட்டை. தவசிக்கனி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவான். மூன்று பட்டை போட்ட ஜீவனைக் கோமாளி என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

மகள் வளைகாப்புக்குக் கோவில்பட்டி புறப்படும்போது அம்மா ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். மீனுக்கு ஒன்று ஆனால் மூன்று பேரும் அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டியது. லிங்கதுரை இடுப்புச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போன இடமெல்லாம் வேலையைத் தொலைத்துவிட்டுக் கடைசியாக ஒட்டிக்கொண்ட இடம் இது. இதுவும் போனால் பொட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவன் பெண்டாட்டி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவனுக்கோ அவள் மேல் கொள்ளை ஆசை.

அம்மா கிளம்பிய பிறகு வரவேற்பறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. சுவருக்கு மட்டும் அடித்தால் போதும் என்று யாரும் அந்த மனிதனுக்குச் சொல்லவில்லை. தரை, நாற்காலி, காலண்டர் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது. தொட்டியின் முன்கண்ணாடியிலும் பொட்டுப் பொட்டாகச் சுண்ணாம்பு தெறித்திருந்தது. உங்களுக்கும் எனக்கும் அது சுண்ணாம்பு. மறுநாள் காலையில் தொட்டி முன்னால் குனிந்த லிங்கதுரைக்கு அது மீன் உடம்பில் வந்த வெள்ளைப் புள்ளி.

அவன் அலறிப் புடைத்துக்கொண்டு கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான். மீனைக் குழம்பில் பார்த்ததோடு சரி என்று டாக்டர் உண்மையைச் சொன்னார். ஆனாலும் புத்தகத்தைப் புரட்டி, பாவம், பொறுமையாக விளக்கினார். வெளிச்சத்தில் மேலே கீழே எல்லாப் பக்கமும் பார்க்கணும். தோலில் உப்பைத் தூவினது மாதிரி இருக்கிறதா, கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா, சரியாகச் சாப்பிடுகிறதா என்று கவனிக்கணும். நோய் கண்டதைத் தனியாக வைக்கணும். கூட இருக்கிறதையும் சோதிக்காமல் விடக்கூடாது.

சொன்னது சொன்னபடி நடந்தது. எசக்கியப்பன் மேசைமேல் ஏறி மேலே பார்த்தான். முதுகில் ஒன்றும் இல்லை என்றான். தவசிக்கனி தொட்டி வைத்திருந்த பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கீழே பார்த்தான்.

"என்னலே தெரியுது?" என்றான் லிங்கதுரை.

"பலகைதான் தெரியுது அண்ணாச்சி. பலகைக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்கு."

அடுத்தது உப்பு. தவசிக்கனி சமையல்கட்டுக்குப் போய் ஒரு சாளை மீனைப் பொரித்து, மேலே உப்பைத் தூவி எடுத்துவந்து தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். மூவரும் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அச்சு அசலாக அதேதான். நோய் இன்னது என்று உறுதியான பிறகு சாளையை வீணாக்குவானேன் என்று தவசிக்கனி தின்றுவிட்டு, "முத்தின கேஸு அண்ணாச்சி. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றான்.

லிங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு மீன்கள் இரண்டையும் கடல் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மாற்றினான். எட்டிப் பார்த்தால் புள்ளியைக் காணோம்! சந்தோஷத்தில் திரும்பத் தொட்டியில் விட்டான். புள்ளி வந்துவிட்டது. வாளியில் விட்டால் போகிறது, தொட்டியில் விட்டால் வருகிறது. மூவரும் தரையில் உட்கார்ந்து ஆலோசித்து, நோய் மீனுக்கு இல்லை, தொட்டிக்குத்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். மீனை வாளியோடு நாற்காலியில் வைத்துவிட்டுக் காலித் தொட்டியைப் பார்த்தார்கள். மீன் இல்லாமலே புள்ளிகள் அந்தரத்தில் நின்றன.

"பாத்தியளா அண்ணாச்சி," என்று தவசிக்கனி குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மீனக் காணோமேன்னு நோய் தேடிக்கிட்டு நிக்கு."

அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குப் பின்பக்கம் பெருக்கப் போயிருந்த எசக்கியப்பன் நிமிர்ந்தான். கண்ணாடி வழியே பார்த்த இருவரும் துள்ளிப் பின்வாங்கினார்கள். அவன் மூஞ்சி முழுக்க வெள்ளைப் புள்ளி.

"போச்சு," என்றான் லிங்கதுரை. "நோய்க்கு ஆளு கிடைச்சிட்டு."

எசக்கியப்பனை மாடியறையில் தனியாக வைத்தார்கள். சரியாகச் சாப்பிடுகிறானா என்று பார்க்க மீன் தீனியைக் கொடுத்தார்கள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். கல்லில் உடம்பைத் தேய்க்கிறானா என்று பார்த்தார்கள். அரிக்கிறது என்று முதுகைச் சுவரில் தேய்த்தான். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அண்டா நிறைய உப்புத் தண்ணீரில் அவனை உட்கார வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுக் கீழே வந்தார்கள்.

கூட இருந்தவர்களையும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தவசிக்கனி தொட்டிக்குப் பின்னால் நிற்க, லிங்கதுரை முன்னாலிருந்து பார்த்தான். தவசிக்கனிக்குப் புள்ளி இருந்தது. இடம் மாறி நின்றார்கள். லிங்கதுரைக்கும் இருந்தது. அவரவர் கையை அவரவர் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. இதுதான் இந்த நோயின் கள்ளத்தனம் என்றான் தவசிக்கனி. லிங்கதுரை பெண்டாட்டியை நினைத்துக்கொண்டான். வேலையும் போய், மேலெல்லாம் புள்ளியோடு போய் நின்றால் அவள் கதவைத் திறப்பாளா என்று தவசிக்கனியிடமே கேட்டான்.

சாயங்காலம் ரத்தினபாய் வந்து இறங்கினாள். இரண்டு பேரும் தொட்டிக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். தொட்டியில் மீன் இல்லை. அவள் கையிலிருந்த வளைகாப்புச் சோற்றுத் தூக்கு நழுவிவிட்டது. "எங்கலே என் பிள்ளைய?" என்று அவள் கேட்டதும் லிங்கதுரை வாளியைக் கைகாட்டினான். மீன் இரண்டும் அதில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன.

உயிர் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. லிங்கதுரை முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவள் தொட்டிக்கு முன்னால் போனாள், சேலை முந்தானையை நனைத்தாள், கண்ணாடியை ஒரு துடை துடைத்தாள்.

"சுண்ணாம்புலே, மடப்பயலுவளா."

லிங்கதுரை தவசிக்கனியை முன்னால் ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னான். லிங்கதுரைக்குப் புள்ளி இல்லை. பிறகு லிங்கதுரை போய்ப் பார்த்தான். தவசிக்கனிக்கும் இல்லை. மீனைத் தொட்டியில் விட்டார்கள்; அதற்கும் இல்லை. ரத்தினபாய் தலையில் அடித்துக்கொண்டு, மீனைப் பத்திரமாக வைத்திருந்ததற்காக இந்த ஒரு தடவை பிழைத்துப் போங்கள் என்றாள். லிங்கதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை தப்பியது, பெண்டாட்டியும் தப்பினாள்.

திடீரென்று அவன் முகம் கறுத்தது. மாடிக்கு ஓடி, சொட்டச் சொட்ட நனைந்திருந்த எசக்கியப்பனைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, நீங்க தொடைக்கையில இவன் மாடியில இருந்தான். இவனுக்குப் போகலியே."

ரத்தினபாய்க்கு வாயடைத்துவிட்டது. லிங்கதுரை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். மாடிப்படிக்கு அடியில் மிச்சமிருந்த சுண்ணாம்பில் விரலை முக்கி, கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தான். எசக்கியப்பனைத் தொட்டிக்குப் பின்னால் நிறுத்தி, ஆடாமல் அசையாமல் நிற்கச் சொன்னான். அப்புறம் முன்னால் வந்து, முதலாளியம்மாவின் முந்தானையை எடுத்து, ரொம்ப மரியாதையாக அவள் கையிலேயே கொடுத்தான்.