மூன்று வலம், மூன்று சுமை

கிணிங்... கிணிங்... காற்றடித்தால் இப்படி ஒரு மணி, வெகுகாலத்துக்கு முன் ஒரு காயற்கரையில் ஒலித்துக்கொண்டிருந்தது, கேளுங்கள். அரசர்கள் போய், அரண்மனை இடிந்து, வீதிகளில் எருக்கு முளைத்துவிட்ட பட்டணம் அது. மிஞ்சியது ஒரு புத்தர் தூபியும், அதன் உச்சிக் குடையில் தொங்கிய அந்த மணியும்தான். பனிமூட்டத்தில் கரை தெரியாத தோணிகள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேரும்.

அங்கே இயக்கன் என்றொரு வலைஞன் இருந்தான். அவனுடைய மண்வீடு மழையில் கரைந்துபோனது. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகள் சேந்தி, தலைப்பிரசவத்துக்கு மார்கழியில் வருவாள். "பிள்ளைத்தாய்ச்சியை ஈரத்திலா படுக்கவைப்பேன்?" என்று சொல்லிக்கொண்டே தூபிக்குப் போனான்.

தூபியைக் கும்பிட வருகிறவர்கள் மூன்று முறை வலம் வருவார்கள். இயக்கனும் வந்தான். பிறகு, கீழே உதிர்ந்து கிடந்த செங்கற்களைக் கூடையில் அள்ளினான். சுவர் முழங்கால் உயரம் எழுந்தது.

மறுபடி போனான். மூன்று வலம். ஆடிக்கொண்டிருந்த கற்களைப் பெயர்த்தான். சுவர் தோளுயரம் வந்தது.

மூன்றாம் முறை அடிவரிசையிலேயே கடப்பாரையை வைத்தான். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பதுமை என்ற பிக்குணி துடைப்பத்தை நிறுத்தினாள்.

"சுற்றியாயிற்றா, இயக்கா? இன்றைக்கு எத்தனை கூடை?"

"குறையில்லாமல் சுற்றிவிட்டேன், தாயே. புத்தர் கோபிக்க மாட்டார்."

"அவர் மாட்டார். செங்கல்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாதப்பா. மேலே மணி இருக்கிறது."

"மணியை நான் தொடவே இல்லையே!" என்று சிரித்தான்.

உண்மைதான். அவன் தொடவில்லை.

வீடு முடிந்தது. தரை மெழுகிக் கட்டில் போட்டான். மார்கழி பிறந்த அன்று தூபி சரிந்தது. மணி காயற்சேற்றில் புதைந்தது. மகள் வந்து இறங்கட்டும், அப்புறம் தோண்டிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

மூன்றாம் நாள் விடியலில் காயலைப் பனி மூடியது. பனிக்குள்ளிருந்து ஒரு குரல், "அப்பா!" என்றது.

"இங்கேயம்மா, இங்கே!" என்று கரையெல்லாம் ஓடிக் கத்தினான் இயக்கன்.

குரல் இடப்பக்கம் கேட்டது. வலப்பக்கம் கேட்டது. பிறகு வெகுதொலைவில், கடல்வாய்ப் பக்கம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஊருக்குப் பொதுவாய் நிற்பதை உடைத்துத் தன் வீட்டைக் கட்டுகிறவன், அந்த வீட்டுக்கு வரவேண்டியவர்களையே இழப்பான்.

இயக்கன் அந்த வீட்டைப் பிரித்துச் செங்கற்களைத் திரும்பச் சுமந்தான். இடுப்புயரம் அடுக்குவதற்குள் செத்துப்போனான்.