மேற்கே கடல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. திருச்செங்கோட்டில் செங்கோடன் சகோதரர்களின் போர்வெல் வண்டியை ஓட்டும் கதிரேசன் எனக்குச் சொன்னார். அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. வண்டியில் போகும்போது சகோதரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், நான் எதைச் சொன்னாலும் "படிச்ச புள்ள சொல்லுச்சு" என்று தெருவெல்லாம் பரவிவிடும். அதனால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

செங்கோடன், நல்லுசாமி, வையாபுரி மூவரும் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். மேலே கிடக்கும் தண்ணீரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

அவர்களை வளர்த்து ஆளாக்கியவர் அக்கா பாவாயி. தொழிலை ஆரம்பித்துக் கொடுத்ததும் அவர்தான். துளை போடும்போது கிளம்பும் புழுதியில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவர் தம்பிகளிடம் எதுவும் கேட்டதில்லை. கடலில் புழுதி கிளம்பாது என்று தம்பிகள் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். நல்லுசாமியின் போனில் வந்த விளம்பரத்தில் இருந்த கடல் மலேசியாவில் இருந்தது. அதனால் மலேசியாவில், போர்ட் டிக்சன் பக்கம், ஒரு வீடு பார்த்தார்கள்.

புறப்படும்போது அக்கா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"நம்ம அப்பன் காட்டைப் பக்கத்துக்காட்டுக்காரன் என்ன பண்ணினான்? வருசத்துக்கு ஒரு சால் உள்ள தள்ளி உழுதான். அப்பன் கேக்கல. கடைசியில கெணத்து மேட்டுல வந்து நின்னான். அதனால, எவன் ஒரு சாண் உள்ள வந்தாலும் உடனே கேட்டுப்போடுங்க. அவன் இடம் ஒரு சாண் நமக்கும் வேண்டாம். மூலைக்கு மூலை கல்லு நட்டு, நாலு பக்கத்துக்காரனும் சரின்னாத்தான் கையெழுத்து. தகராறு இருக்கற இடத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

எந்தக் கல் என்று அக்கா சொல்லவில்லை. ஊர்க் கல்லையே பெட்டியில் வைத்தார்கள். விமான நிலையத்தில் எடை கூடிப்போனதால் துணிமணிகளை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ஏறினார்கள்.

வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் தனபாலன் அந்த ஊர்த் தமிழர், பேச்சு முடிவில் அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போடுகிறவர். பின்வாசலைத் திறந்து, "பாருங்க சார், கடல் வரைக்கும் உங்க இடம்தான் லா" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னது. மூவரும் கல்லைத் தூக்கிக்கொண்டு கடல் வரைக்கும் போய், ஈரம் ஆரம்பிக்கிற இடத்தில் மூலைக்கு ஒன்றாக நட்டார்கள்.

பிறகு சம்மதம் கேட்கக் கிளம்பினார்கள். வடக்கே இருந்த சீனப் பாட்டியிடம் தமிழில் கேட்டார்கள். அவர் ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார். தெற்கே ஓட்டல் காவலாளி சலாம் வைத்தார். கிழக்கே சாலை. மேற்கே கடல்.

செங்கோடன் கும்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இந்தக் கல்லு வரைக்கும் எங்களுதுங்க. ஆட்சேபனை இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

கடல் எதுவும் சொல்லவில்லை.

"தங்கமான மனுசன்" என்றார் நல்லுசாமி.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மேற்கு மூலைக் கற்கள் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன.

"நாம சோத்துக்குப் போற வரைக்கும் காத்திருந்தான் பாரு" என்றார் செங்கோடன்.

"கல்லைப் புடுங்கலீங்கண்ணா. மேல ஏறி உக்காந்துக்கிட்டான்" என்றார் வையாபுரி.

"புடுங்கினா கேஸாயிரும்னு தெரியும். வெவரமானவன்."

தனபாலன் பொறுமையாக விளக்கினார். "இது ஓதம் சார். தினமும் ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை இறங்கும். பழகிடும் லா."

மூவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. "தினமும் ரெண்டு தடவைங்களா? எங்கூர்ல வருசத்துக்கு ஒருக்காதானுங்க" என்றார் நல்லுசாமி.

அக்காவுக்குப் போன் போட்டார்கள்.

"மேக்கத்திக்காரன் உள்ள வந்துட்டானுங்கக்கா."

"ஆளு எப்படி?"

"பெரிய கையிங்க. கண்ணுக்கு எட்டின வரைக்கும் அவனுதுதான்."

"இருக்கறவனுக்குத்தான்டா ஆசை அடங்காது. கல்லுகிட்ட ஒருத்தன் போய் நில்லுங்க. உரிமைக்காரனைப் பாத்தா பின்வாங்கிருவான்."

நல்லுசாமி போய் நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது.

"பயப்படறானாடா?" என்று கரையிலிருந்து செங்கோடன் கேட்டார்.

"இன்னும் இல்லீங்கண்ணா."

மார்பு வரை வந்த பிறகுதான் கடல் பயப்பட ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கல் வரைக்கும் போய், அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"அடேய், அவனோட இடத்தையும் விட்டுட்டுப் போறான். அப்படி என்னடா மொறைச்ச?"

"நான் சும்மாதான் நின்னேனுங்க."

அடுத்தவன் இடம் ஒரு சாண்கூட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார். ஓட்டலில் வாளி கேட்டு வாங்கி, கடல் விட்டுப்போன மணலில் மூவரும் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற மணல் குடித்தது. தனபாலன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வக்கீல் அலுவலகத்தில் பத்திரம் தயாராக இருந்தது. மேற்கத்திக்காரர் சம்மதிக்காமல் கையெழுத்து இல்லை என்று செங்கோடன் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொரு குடும்பம் அதே வீட்டுக்குக் காத்திருப்பதாக வக்கீல் சொன்னார். ஒரு வாரம்தான் பொறுப்பார்களாம். வையாபுரிக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஜன்னலை அடைத்துக்கொண்டு இருமுவது வையாபுரியின் அறைக்குத்தான் கேட்கும்.

தனபாலன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சார், இந்தத் தண்ணி உங்க நாட்டுப் பக்கமிருந்துதான் வருது. அங்க போய்க் கேட்டுக்குங்க லா."

மூவரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு விமானம் ஏறினார்கள்.

அக்கா ரயிலில் சென்னைக்கு வந்து காத்திருந்தார். நேராக மெரினாவுக்குப் போனார்கள். அக்கா கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இவனாடா?"

"இவனேதானுங்கக்கா. அங்க மேக்கால நின்னான். நாங்க பிளேன்ல வர்றதுக்குள்ள இங்க கெழக்கால வந்து நிக்கறான்" என்றார் செங்கோடன்.

"இத்தனை தூரம் வந்தும் மூச்சு வாங்கலியே" என்றார் அக்கா, கொஞ்சம் பொறாமையோடு.

பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை போனார்.

"இந்தாப்பா. புழுதி தின்னு சம்பாரிச்சு வாங்கற இடம். ஒரு வழி சொல்லு."

ஓர் அலை மெதுவாக வந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் தொட்டுவிட்டு, குனிந்தபடியே பின்னால் போனது.

அக்கா சேலையை இறக்கிவிட்டுத் தம்பிகள் பக்கம் திரும்பினார்.

"அத்தனை பெரிய ஆளு, இத்தனை பேர் பாக்கக் கால்ல விழுந்துட்டான். விட்டுருங்கடா. போய்க் கையெழுத்துப் போடுங்க."

வையாபுரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். கரை நெடுகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, எல்லார் கால்லயும் விழறானுங்களே?"

"அத்தனை பேர் இடத்துலயும் கை வெச்சிருப்பான்" என்றார் அக்கா.

வீடு வாங்கியாகிவிட்டது. அக்கா இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறார் என்று கதிரேசன் சொன்னார். அதை என்னால் சரிபார்க்க முடியவில்லை. ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். நூலகத்தில் பெரிய அட்லஸை விரித்து, போர்ட் டிக்சன் கடற்கரையில் விரலை வைத்து, தண்ணீர் மேலேயே நகர்த்திக்கொண்டு வந்தேன். விரலை எடுக்காமலே மெரினாவுக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் எங்கும் கரை தட்டவில்லை.

அதே ஆள்தான்.