ஏழு ஓட்டை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். காகித நாடாவில் குத்திய ஓட்டைகளைத்தான் அது எழுத்தாகவும் எண்ணாகவும் படிக்குமாம். ஓர் எழுத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஏழு இடமாம்.

ஆபீஸ் ஆட்களின் பட்டியலைக் குத்தும்போது பிலோமினாக்கா ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகக் குத்திவிட்டாள். மேனேஜர் சேஷசாயிக்கு வயது ஐந்நூற்றெழுபது என்று மெஷின் அச்சடித்தது. ஆபீஸே சிரித்தது.

"நாடாவை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, வேறே நாடாவும் கிடையாது. அந்தப் பூஜ்யம் போகணும். இல்லேன்னா நீ வீட்டுக்குப் போகணும்!" என்றார் மேனேஜர்.

போட்ட ஓட்டையை எப்படி அடைப்பது? அக்கா அழுதாள். புதிதாகச் சேர்ந்த வடிவு குத்தூசியை எடுத்து, பூஜ்யம் இருந்த வரிசையில் மிச்ச இடத்திலெல்லாம் குத்தினாள்.

"ஏய், இன்னும் ஓட்டை போடறியா?"

"ஏழு இடத்திலேயும் ஓட்டை இருந்தா, இங்கே ஒண்ணுமில்லேன்னு மெஷின் தாண்டிப் போயிடும் சார்."

மெஷின் ஓடியது. வயது ஐம்பத்தேழு என்று வந்தது.

"இதை எங்கே கத்துக்கிட்டே?"

"ஒரு தப்பை மறைக்க இன்னும் நாலு தப்பு பண்றதை இந்த ஆபீஸ்லதான் சார் பார்த்தேன்."

மேனேஜர் தன் அறைக்குள் போய்விட்டார். பிலோமினாக்கா தன் டிபன் பாக்ஸை வடிவின் கையில் வைத்தாள். "என் சோறு பொழச்சதே உன்னாலதான்டி, சாப்பிடு" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் நாடா குத்தும் மெஷினைப் பார்க்கப் போனாள்.